அஞ்சாம் மாத ஸ்கேனும் ஒரு சின்னக் கோடும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் படிக்காதீர்கள், சாயங்காலம் படியுங்கள். இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு மாதமாக யோசித்தேன். என் மகளிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா, ஆனா நீங்க என்ன சொன்னீங்கங்கறதையும் விடாம எழுதணும்" என்றாள். அந்த நிபந்தனையோடுதான் எழுதுகிறேன்.

முப்பத்து மூன்று வருஷம் நான் அறிவியல் பாடம் எடுத்தேன். பத்தாம் வகுப்பில் மூளை பற்றிய பாடம் வரும். பெருமூளைக்கு இரண்டு பீரியட், முகுளத்துக்கு அரை பீரியட். சிறுமூளைக்கு ஒரே வரி: "உடல் சமநிலையைப் பேணுகிறது, தசைகளின் இயக்கத்தை ஒருங்கிணைக்கிறது." பரீட்சைக்கு ஒரு மார்க் கேள்வி. என்னிடம் படித்த எல்லோருக்கும் அது மனப்பாடமாக இருக்கும். எனக்கும் அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2023-இல் என் மகள் உண்டாகியிருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து. எங்கள் பக்கத்தில் இதை எப்படிப் பேசுவார்கள் என்று உறவுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சாம் மாத ஸ்கேன் விழுப்புரத்தில் எடுத்தோம். கணக்குப்படி 18 வாரமும் சில நாட்களும். நானும் என் வீட்டுக்காரம்மாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக இருபது நிமிஷத்தில் முடிவது ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்த மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் மற்றதெல்லாம் சரி. இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, கை கால் எல்லாம் சரி. சிறுமூளை என்ற இடத்தில் மட்டும் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. சிறுமூளையின் நடுப்பகுதி கீழே மூடாமல் திறந்திருக்கிறது, டான்டி வாக்கர் வகைக் கோளாறா என்று பார்க்கவும்.

"இன்னாப்பா அது, நீங்க சயின்ஸ் வாத்தியார்தானே?" என்று மகள் கேட்டாள். நான், "வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்றேம்மா" என்றேன். காணை தாண்டி பஸ் வரும் வரை யாரும் பேசவில்லை.

அன்றிரவு செல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டான்டி, வாக்கர் இரண்டு டாக்டர்களின் பெயர். சிறுமூளையின் நடுத்துண்டு வளராமல், அதற்கு முன்னால் இருக்கிற நீர் அறை பெரிதாக வீங்கி, மண்டைக்குள் நீர் கோர்த்துக்கொள்வது. நடக்கத் தாமதம், பேசத் தாமதம், சில குழந்தைகளுக்கு மூளையில் குழாய் வைக்க வேண்டும். படம் படமாக வந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு என் மனசில் ஒரு முடிவு வந்துவிட்டது. காலையில் சம்பந்திக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்: "இது தேறாதுங்க. இருபது வாரம் தாண்டிட்டா எடுக்க முடியாது. பத்து நாள்தான் டைம். கலைச்சிடறதுதான் நல்லது."

மகளிடம் கேட்காமல் சொன்னேன். அவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததை முழுவதும் எழுத எனக்குத் தெம்பில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கிரகணத்தில் வெளியே வந்தாளா என்று ஒருவர் கேட்டார். கேட்டவரும் இதைப் படிப்பார். கோபமில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போது வாய் திறந்து சொல்லாத என் மேல்தான் கோபம்.

மூன்றாம் நாள் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். சென்னையில் ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வேலை. வகுப்பில் மூளைப் படம் வரையச் சொன்னால் காலிபிளவர் மாதிரி வரைந்து வைப்பான், நானும் சிவப்பு மையில் சுழிப்பேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வாரத்துல எடுத்தது சார்?" பதினெட்டு என்றேன். "சார், பதினெட்டு வாரத்துல மூடலைன்னா இன்னும் மூடலைன்னுதான் அர்த்தம். மூடவே மூடாதுன்னு அர்த்தம் இல்ல. பொறுங்க. இருபது வாரக் கணக்கும் இப்ப இல்ல, சட்டம் மாறிடுச்சு."

உண்மைதான். 1971-ஆம் வருஷச் சட்டத்தில் 20 வாரம் என்று இருந்தது. 2021-இல் திருத்தம் வந்து, கருவில் கடுமையான குறை இருக்கும் என்று தெரிந்தால் இரண்டு மருத்துவர்கள் ஒப்புதலோடு 24 வாரம் வரை என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேலும் பெரிய குறைபாடு என்றால் மருத்துவக் குழு முடிவு செய்யும். எனக்கு அது தெரியாது. இல்லாத ஒரு கெடுவை வைத்துக்கொண்டு என் பேரப்பிள்ளைக்குப் பத்து நாள் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இனி பாடத்துக்கு வருகிறேன். முப்பத்து மூன்று வருஷ பாக்கி இது.

பெருமூளையின் மேல் சுருக்கங்கள் கோணல்மாணலாக, கொட்டி வைத்த இடியாப்பம் மாதிரி இருக்கும். சிறுமூளை அப்படி இல்லை. ஏர் ஓட்டிய கொல்லை மாதிரி. பக்கத்தில் பக்கத்தில், ஒரே போக்கில், நெருக்க நெருக்கமாகச் சால். புத்தகத்தில் 'பிளவு' என்று போட்டிருக்கும் வார்த்தைக்கு வெடிப்பு, உடைப்பு என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சால் என்று நினையுங்கள். உடைந்ததால் வந்தது இல்லை, வளர்ந்ததால் வந்தது. மேல்தோல் உள்பக்கத்தைவிட வேகமாக வளர்கிறது, இடம் போதவில்லை, மடிகிறது. மேல்தோலில் அணுக்கள் கோடி கோடியாகப் பெருகி, பெருகியவை உள்ளே இறங்கும். இந்த வேலை குழந்தை பிறந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் நடக்கிறது. குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நிற்கிற காலம் முழுக்க உள்ளே கட்டட வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

எவ்வளவு மடிப்பு தெரியுமா? மனித சிறுமூளையின் மேல்தோலை மடிப்பெல்லாம் நீக்கி விரித்தால் எவ்வளவு வரும் என்று 2020-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். அகலம் 10 செ.மீ., நீளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். கல்யாண வேட்டியிலிருந்து கரையை மட்டும் நீளவாக்கில் கிழித்த மாதிரி ஒரு பட்டை. அதைச் சால் சாலாக மடித்துப் பின்மண்டையில் ஒரு எலுமிச்சை ஆரஞ்சு அளவு இடத்தில் வைத்திருக்கிறது இயற்கை. இன்னொன்று: நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள். அதில் 6,900 கோடி சிறுமூளையில். எடையில் பத்தில் ஒரு பங்கு, அணுக்களில் பத்தில் எட்டு பங்கு. 2009-இல் பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் எண்ணிச் சொன்னது. நான் இதற்கு ஒரு மார்க் கொடுத்தேன்!

சிறுமூளைக்கு இடது வலது என்று இரண்டு உருண்டை, நடுவில் இரண்டையும் சேர்க்கும் ஒரு துண்டு. அந்த நடுத்துண்டுக்கு வெர்மிஸ் என்று பெயர். லத்தீனில் புழு. மண்புழு உடம்பில் வளையம் வளையமாக இருக்குமே, அப்படி இருப்பதால். இதைத் தலையின் நடுக்கோட்டில் நெடுக்காக வெட்டிப் பார்த்தால், பாதியாக நறுக்கிய முட்டைக்கோஸ்தான். வெள்ளைத் தண்டு கிளை பிரிந்து போகும், ஓரத்தில் மடிப்பு மடிப்பாக இலை. பழைய காலத்து ஆட்கள் இதற்கு 'உயிர் மரம்' என்று பேர் வைத்தார்கள். அந்தக் காலிபிளவர் பையனுக்கு நான் மார்க் கொடுத்திருக்க வேண்டும்.

வெர்மிஸ் ஒன்பது மடல்களாகப் பிரியும். பிரிப்பவை இந்தச் சால்கள். அவற்றில் ஒன்றுக்கு 'முதன்மைப் பிளவு' என்று பெயர். சிறுமூளையின் மேற்பக்கத்தில், முன் மடலையும் பின் மடலையும் பிரிப்பது. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதலில் தோன்றுவது இது இல்லை. கருவின் மூன்றாம் மாதக் கடைசியில் முதலில் தெரிவது அடிப்பக்கத்தில் இருக்கிற இன்னொரு சால். பெரியவர்களின் சிறுமூளையை வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குப் பெரிதாகப் படுவதும் இது இல்லை, பக்கவாட்டில் கிடையாக ஓடும் வேறொன்று. அது தாமதமாக வருவது. பெயர் வைத்தவர்கள் ஏன் இப்படிக் குழப்பினார்கள் என்று தெரியவில்லை. ஆனால் நடுக்கோட்டுப் படத்தில் ஆழமாகத் தெளிவாகத் தெரிவது முதன்மைப் பிளவுதான். அதனால் டாக்டர்கள் கருவின் சிறுமூளையில் முதலில் தேடுவது அதைத்தான். அந்தக் கோடு உரிய இடத்தில் தெரிந்தால், வெர்மிஸ் ஒழுங்காக மடிந்து வளர்கிறது என்பதற்கு அது ஒரு பெரிய சாட்சி.

இது தெரிந்ததும்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. வெர்மிஸ் மேலிருந்து கீழாக வளர்ந்து, கதவு மாதிரி அந்த நீர் அறையை மூடுகிறது. கீழ்ப்பகுதி கடைசியில்தான் மூடும். 18 வாரத்தில் சில குழந்தைகளுக்கு அது மூடியிருக்காது. கருவியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே மூடியதுகூடத் திறந்த மாதிரி தெரியும். எங்களுக்கு ஸ்கேன் செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். "பார்க்கவும்" என்றுதான் எழுதினார். "முடிந்தது" என்று படித்தது நான்.

22 வாரத்தில் சென்னையில் மறுபடி ஸ்கேன். விழுப்புரத்தில் காலை ரயில் ஏறினோம். அந்த டாக்டரம்மா ஸ்கிரீனை எங்கள் பக்கம் திருப்பி வைத்துப் பாடம் எடுத்தார், நான் மாணவனாக நின்றேன். முதலில் சிறுமூளையின் குறுக்களவு. இதில் ஒரு அதிசயம் உண்டு: அஞ்சாம் மாத வாக்கில் வாரம் எத்தனையோ அத்தனை மில்லிமீட்டர் இருக்கும். 22 வாரக் குழந்தைக்கு 22 மி.மீ. வந்தது. மல்லாட்டைக் காய் ஒன்றின் நீளம் கூட இருக்காது. அப்புறம் நெடுக்குவாட்டுப் படம். வெர்மிஸ் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. கதவு சரியான கதவு, ஒருக்களித்துத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு திறந்திருக்கிறது என்று கோணம் அளப்பார்களாம். 18 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 45-ஐத் தாண்டினால் டான்டி வாக்கர் என்று பயப்படலாம். எங்களுக்கு 23. "பாருங்க, இங்க ஒரு வெள்ளைக் கோடு தெரியுதா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மகள், "தெரியுது மேடம்" என்றாள். அதுதான் முதன்மைப் பிளவு.

ஸ்கேனில் ஒலி எதிரொலித்து வருவதைத்தான் படமாக்குகிறார்கள். சாலின் இரண்டு கரையிலும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும், அதனால் வெள்ளையாகத் தெரியும். ஆனாலும் சந்தேகமில்லாமல் சொல்ல எம்.ஆர்.ஐ. பார்த்துவிடலாம் என்றார். பனிக்குட நீரும் எடுத்து அனுப்பினார்கள். அந்த முடிவு சரியாகவே வந்தது.

எம்.ஆர்.ஐ. என்றதும் என் வீட்டுக்காரம்மா "கதிர் பட்டா புள்ளைக்கு ஆகாதே" என்றாள். கதிர் இல்லை, காந்தம். 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்கு. உடம்பில் உள்ள நீரின் ஹைட்ரஜனை அந்தக் காந்தம் வரிசையில் நிற்க வைக்கும், ரேடியோ அலை தட்டி எழுப்பும், அது திரும்பி அமைதியாகும்போது கொடுக்கும் சிக்னலைப் படமாக்குவார்கள். கர்ப்பிணிக்கு மருந்து ஊசி எதுவும் போடுவதில்லை. சிக்கல் என்னவென்றால் குழந்தை சும்மா இருக்காது. "மூச்சை அடக்கு" என்று அதனிடம் சொல்ல முடியுமா? அதனால் ஒவ்வொரு படத்தையும் ஒரு நொடிக்குள் எடுக்கிற முறை வைத்திருக்கிறார்கள். புரண்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் ஆள் நாலு முறை புரண்டது. தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, காதில் பஞ்சு வைத்து, அரை மணிக்கு மேல் ஆனது.

வெளியே காத்திருந்த இடத்தில் செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு இளம் தம்பதி வந்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் அவர்கள் படம் முடிந்திருந்தது. அந்தப் பையன் நான் வாத்தியார் என்று தெரிந்ததும் பிலிமை என்னிடம் நீட்டி, "இதுல என்ன சார் போட்டிருக்கு, உள்ள சொன்னது ஒண்ணும் ஏறல" என்றான். நான் மூன்று வாரமாகப் பார்த்த படங்களில் ஒன்று அது. மூட வேண்டிய கதவு அங்கே இல்லை. சின்னதாக ஒரு முளை, அதில் சால் எதுவும் இல்லாமல் வழவழவென்று. மீதி முழுக்க வெள்ளை, நீர். எனக்குப் புரிந்தது. "டாக்டர்கிட்ட இன்னொரு முறை கேளுங்க தம்பி, நானும் கூட வரேன்" என்று மட்டும் சொன்னேன். கூடப் போய் நின்றேன். அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, பிலிம் கவரைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வாயும் இல்லை. என் மகள் வீட்டில் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டு நின்ற அன்று இப்படித்தான் நின்றிருப்பாள் என்று மட்டும் தோன்றியது.

எங்கள் படம் வந்தது. இதில் நீர் வெள்ளை, மூளை சாம்பல். அதனால் பிளவு என்பது மெல்லிய வெள்ளைக் கீற்று. யோசித்துப் பாருங்கள், அந்தக் கோடு மூளையில் உள்ள பொருள் இல்லை. மூளை மடிந்ததால் விட்ட இடைவெளி, அதில் நிற்கிற நீர். உழுத நிலத்தில் மழை பெய்தால் சாலில் மட்டும் தண்ணீர் மின்னுமே, அதே காட்சி. இந்த முறை எனக்கும் தெரிந்தது. முதன்மைப் பிளவு, அதற்கு எதிர்ப்பக்கம் நீர் அறை கூம்பி உள்ளே குத்தும் முனை, கீழே இன்னும் இரண்டு மங்கல் கீற்று. வெர்மிஸ் முழுசாக இருக்கிறது. பிளேக் என்பவர் பெயரில் ஒரு நீர்ப்பை உண்டு, கருவில் எல்லோருக்கும் இருந்து பிறகு திறந்து வடிந்துவிடும், இந்தக் குழந்தைக்கு அது தாமதம், அதுதான் கதவைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்றார்கள். 28 வாரத்தில் பார்த்தபோது கதவு இறங்கியிருந்தது.

ரயிலில் திரும்பும்போது மகளிடம், "நான் சம்பந்திகிட்ட அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "எங்கிட்ட கேட்டிருக்கலாம்பா" என்றாள். திண்டிவனம் வரை அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் பசிக்குது என்றாள், வடை வாங்கிக் கொடுத்தேன்.

பேரன் 2024 தொடக்கத்தில் பிறந்தான். அதே வருஷம் டிசம்பரில் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவில் இருக்கும் மூளைக்கு 'தரணி' என்று ஒரு முப்பரிமாண வரைபடம் வெளியிட்டிருக்கிறது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையில் நடந்த வேலை. 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருமூளைகள், 5,132 மெல்லிய சீவல்கள், ஒவ்வொன்றும் அணு அணுவாகத் தெரியும் அளவுக்குப் படம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இணையத்தில் பார்க்கலாம். கம்ப்யூட்டர் தெரிந்த பேத்தியை உட்கார வைத்து நானும் பார்த்தேன். எந்த வாரத்தில் எங்கள் வீட்டில் நான் அப்படிப் பேசினேனோ, அந்த வாரங்கள்தான் அதில் இருக்கின்றன. பிறக்காமல் போன ஐந்து குழந்தைகள் அவை. அந்த ஐந்து வீடுகளிலும் யாரோ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். செஞ்சிப் பக்கத்துத் தம்பதி ஞாபகம் வந்து, அன்றைக்கு அதற்கு மேல் பார்க்கவில்லை.

பேரனுக்குத் தலை நிற்க நாலு மாதம் முடிந்தது. எட்டாம் மாதம் உட்கார்ந்தான். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று மாதம் போயும் பிடித்துக்கொண்டுதான் நின்றான். வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் அவன் காலையே பார்த்தோம். குழந்தை டாக்டர் பதினெட்டு மாதம் வரை பொறுக்கலாம் என்றார். எனக்குப் பொறுக்கச் சொல்லித் தரும் வகுப்பு இன்னும் முடியவில்லை போலும்.

பதினைந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்ணையில் அவன் ஆயா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தூணைப் பிடித்து நின்றவன் கையை விட்டான். மூன்று அடி. சாய்ந்தான், இடுப்பை ஒடித்து நிமிர்ந்தான், நாலாவது அடியில் முறத்தின் மேல் விழுந்தான். மல்லாட்டை எல்லாம் வாசலில். என் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து, "விழுந்துட்டானா?" என்று கத்தினாள். "இல்லம்மா, நடந்துட்டான்" என்றேன்.

இப்போது அவனைப் பிடிக்க எங்களால் ஆகவில்லை. நேற்று என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டான், இந்தப் பதிவே ஒரு நாள் தள்ளிப்போனது அதனால்தான். உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்து ராத்திரி மூன்று மணிக்கு செல்லோடு உட்கார்ந்திருந்தால், எனக்குப் போன் செய்யுங்கள். நான் டாக்டர் இல்லை, வைத்தியம் சொல்ல மாட்டேன். எத்தனை வாரம் என்று மட்டும் கேட்பேன். அப்புறம் காலையில் உங்களோடு பஸ் ஏறி வருகிறேன்.